மறக்க மறுத்த நீதிபதி

அமெரிக்க அரசு 1971-இல் ஒரு நீதிபதியையே எதிர்த்தரப்பாக நிறுத்தி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. அவர் பெயர் டேமன் ஜெரோம் கீத். டெட்ராய்ட் மாவட்ட நீதிமன்றத்தில் அவர் பதவியேற்று மூன்று ஆண்டுகள் சொச்சம்தான் ஆகியிருந்தன. அவர் பிறப்பித்த ஓர் உத்தரவை ரத்துசெய்ய வேண்டும் என்று நீதித் துறையின் வழக்கறிஞர்கள் கேட்டார்கள். சட்டப் புத்தகங்களில் அந்த வழக்கின் அதிகாரபூர்வமான பெயர், ‘அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் அமெரிக்க மாவட்ட நீதிமன்றம்’. அரசு ஒரு பக்கம், அதே அரசின் நீதிமன்றம் மறுபக்கம். சட்டம் படிப்பவர்கள் எல்லோரும் இன்று அதை ‘கீத் வழக்கு’ என்றுதான் சொல்கிறார்கள். ஒரு வழக்கு அதை விசாரித்த நீதிபதியின் பெயரால் அறியப்படுவது மிக அபூர்வம்.

நடந்தது இதுதான். 1968 செப்டம்பரில் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் இருந்த சிஐஏ அலுவலகத்தில் குண்டு வெடித்தது. ‘வெண்சிறுத்தைக் கட்சி’ என்று தங்களை அழைத்துக்கொண்ட இளைஞர்கள் மூவர் மீது சதி வழக்குப் பதிவானது. மூவரில் ஒருவரான ஜான் சின்க்ளேர் கவிஞர். இரண்டே இரண்டு கஞ்சா சிகரெட்டுகளைக் கொடுத்த குற்றத்துக்காகப் பத்தாண்டு சிறைத் தண்டனை பெற்று அப்போது ஏற்கெனவே சிறையில் இருந்தார். அவரை விடுவிக்கக் கோரி 1971 டிசம்பரில் ஆன் ஆர்பரில் நடந்த கூட்டத்தில் ஜான் லெனன் வந்து பாடினார். இன்னொருவரான பிளாமண்டனின் தொலைபேசி உரையாடலை அரசு ஒட்டுக்கேட்டிருந்தது. அதற்கு எந்த நீதிபதியிடமும் அனுமதி வாங்கவில்லை. ‘தேசப் பாதுகாப்புக்காக நான்தான் அனுமதித்தேன், அது போதும்’ என்ற பொருளில் அட்டர்னி ஜெனரல் ஜான் மிட்செல் பிரமாண வாக்குமூலம் தாக்கல்செய்தார். அதிபர் நிக்சனுக்கு மிக நெருக்கமானவர் மிட்செல்.

கீத் அதை ஏற்கவில்லை. வீட்டில் நுழைந்து சோதனையிட எப்படி நீதிபதியின் வாரன்ட் வேண்டுமோ, அப்படியே உள்நாட்டுக் குடிமகனின் பேச்சைக் கேட்கவும் வேண்டும் என்றார். குற்றவாளியைத் துரத்தும் பொறுப்பில் இருக்கிற ஒருவரே, அந்தத் துரத்தலுக்கு எல்லை எது என்று முடிவுசெய்யும் நடுவராகவும் இருக்க முடியாது. எது தேசவிரோதம், எது அரசியல் எதிர்ப்பு என்று பிரித்துச் சொல்லும் அதிகாரத்தை ஆட்சியில் இருப்பவர்களிடமே விட்டுவிட்டால் எதிர்ப்பவர்கள் எல்லோரும் தேசவிரோதிகள் ஆகிவிடுவார்கள். ஆகவே, ஒட்டுக்கேட்ட பதிவுகளைக் குற்றம்சாட்டப்பட்டவரிடம் காட்டியாக வேண்டும் என்று உத்தரவிட்டார்.

அரசு மேலே போனது. ஆறாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கீத்தின் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றமும் 1972 ஜூன் 19 அன்று 8-0 என்ற கணக்கில் கீத் சொன்னதே சரி என்றது. தீர்ப்பை எழுதியவர் லூயிஸ் பவல். நிக்சன் நியமித்தவர், பதவிக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பு அரசின் ஒட்டுக்கேட்பை ஆதரித்துப் பத்திரிகையில் கட்டுரை எழுதியவர். அவரையே இந்த வாதம் மாற்றியது. தீர்ப்புக்கு இரண்டு நாட்களுக்கு முன்புதான், வாட்டர்கேட் கட்டடத்தில் ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் ஒட்டுக்கேட்புக் கருவிகளோடு நுழைந்த ஐந்து பேர் பிடிபட்டிருந்தார்கள். ஆன் ஆர்பர் வழக்கில் பதிவுகளை வெளியே காட்டுவதைவிட வழக்கையே கைவிடுவது மேல் என்று அரசு முடிவெடுத்தது. உளவுக்கான ஒட்டுக்கேட்புக்குத் தனி நீதிமன்றம் அமைத்த 1978-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் தீர்ப்பின் தொடர்ச்சியாகவே வந்தது.

இந்த வழக்கைச் சொல்லிவிட்டுத்தான் கீத்தின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். வரிசையை மாற்றினால், அவருடைய வாழ்க்கை ஏழ்மையிலிருந்து உயர்ந்த இன்னொருவரின் வெற்றிக் கதையாகச் சுருங்கிவிடும். கறுப்பின நீதிபதி என்றால் கறுப்பினத்தவரின் வழக்குகளில் நியாயம் செய்தவர் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால், கீத்தின் பெயர் நிலைத்திருக்கும் வழக்கில் பயன்பெற்ற மூன்று இளைஞர்களும் கறுப்பினத்தவர்கள் அல்லர்.

கீத் 1922 ஜூலை 4 அன்று டெட்ராய்ட்டில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் கடைசி. தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே வந்த லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. தந்தை ஃபோர்டு கார் ஆலையில் கூலி வேலை பார்த்தார். பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை தனக்கு ஒரு கறுப்பின ஆசிரியர்கூடப் பாடம் எடுத்ததில்லை என்று பின்னாளில் கீத் சொல்வார். கறுப்பின மாணவர்களுக்கான மேற்கு வர்ஜினியா மாநிலக் கல்லூரியில் 1943-இல் பட்டம் பெற்றார். உடனே ராணுவம். அது நிறவாரியாகப் பிரிக்கப்பட்ட ராணுவம். ஹிட்லரின் இனவெறியை எதிர்த்துப் போரிட்ட படையிலேயே கறுப்பினத்தவருக்குத் தனிப் பிரிவு, தனி உணவுக்கூடம். சீருடையோடு ஊர் திரும்பிய பிறகும், தென் மாநிலங்களில் பேருந்தின் பின்னிருக்கைதான் அவர்களுக்கு.

போருக்குப் பிறகு ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். கறுப்பின மக்களின் உரிமை வழக்குகளுக்கான பட்டறையாகவே அந்தச் சட்டப் பள்ளி இருந்தது. உச்ச நீதிமன்றத்தில் வாதாடுவதற்கு முன் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் அங்கே வந்து ஒத்திகை பார்ப்பார். மாணவர்களும் ஆசிரியர்களும் நீதிபதிகளாக உட்கார்ந்து அவரைக் கேள்விகளால் துளைப்பார்கள். உச்ச நீதிமன்றக் கட்டடத்தின் முகப்பில் பொறித்திருக்கும் ‘சட்டத்தின் முன் சம நீதி’ என்ற வாசகத்தை மார்ஷல் அந்த மாணவர்களுக்குச் சுட்டிக்காட்டியதைக் கீத் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். அதை எழுதிவைத்தவர்கள் வெள்ளையர்கள். அந்தச் சொல்லை அவர்கள் காப்பாற்றும்படி செய்ய வேண்டியது உங்கள் வேலை என்பதே மார்ஷல் சொன்னதன் சாரம்.

1949-இல் சட்டப் பட்டத்தோடு டெட்ராய்ட் திரும்பியவருக்கு வேலை கிடைக்கவில்லை. ‘டெட்ராய்ட் நியூஸ்’ நாளிதழின் கட்டடத்தில் துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்தார். கழிப்பறைகளைச் சுத்தம்செய்யும் நேரத்துக்கு நடுவே, வழக்கறிஞர் தேர்வுக்காகச் சட்ட அகராதியைப் படித்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அங்கே வந்த வெள்ளை நிருபர் ஒருவர், என்ன படிக்கிறாய் என்று கேட்டார். வழக்கறிஞர் ஆகப்போகிறேன் என்றார் கீத். கறுப்பன் வழக்கறிஞரா, நீ துடைக்கிற வேலையைப் பார் என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த நிருபர். இந்தச் சம்பவத்தைக் கீத் பலமுறை மேடைகளில் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நிருபர் மீதான கோபத்தைவிட, அந்தப் பதில் எவ்வளவு சாதாரணமாக வந்திருக்கும் என்ற எண்ணமே மேலோங்குகிறது. அவர் கெட்டவராக இருந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஊர் முழுக்க அப்படித்தான் நினைத்தது.

தேர்வில் வென்று, வழக்கறிஞராகி, 1964-இல் சொந்தமாகச் சட்ட நிறுவனம் தொடங்கினார். அதே ஆண்டு மிச்சிகன் குடிமை உரிமைகள் ஆணையத்தின் இணைத் தலைவரானார். 1967 ஜூலையில் டெட்ராய்ட் எரிந்தது. காவல் துறையின் அடக்குமுறைக்கு எதிராக வெடித்த அந்தக் கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள். மூன்று மாதம் கழித்து, அந்த அக்டோபரில் அதிபர் லிண்டன் ஜான்சன் அவரை மாவட்ட நீதிபதி ஆக்கினார். எரிந்து அடங்கிய நகரத்தில் நீதி என்று ஒன்று இருக்கிறது என்று மக்களை நம்பவைக்க வேண்டிய வேலை அவருக்கு.

முதல் பெரிய வழக்கு பாண்டியாக் நகரின் பள்ளிகளைப் பற்றியது. தெற்கில் பள்ளிகளை நிறவாரியாகப் பிரித்துவைக்கச் சட்டமே இருந்தது. வடக்கில் அப்படிச் சட்டம் இல்லை. மக்கள் தனித்தனியே குடியிருக்கிறார்கள், பள்ளிகளும் அப்படி அமைந்துவிட்டன, இதில் எங்கள் தவறு என்ன என்று வட மாநிலங்கள் கை கழுவிவந்தன. கீத் 1970-இல் அந்தச் சாக்கை உடைத்தார். எங்கே புதுப் பள்ளி கட்டுவது, எல்லைக்கோட்டை எந்தத் தெரு வழியாகப் போடுவது என்று முடிவெடுத்தது யார்? பள்ளி வாரியம். அப்படியானால் பிரிவினையைக் கட்டியதும் அதுதான் என்றார். பிள்ளைகளைப் பேருந்துகளில் ஏற்றிக் கலந்து படிக்கவைக்கும் திட்டம் 1971-இல் தொடங்கவிருந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு, ஆகஸ்ட் 30 இரவில், பள்ளிப் பேருந்துகள் பத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளானின் மாநிலத் தலைவராக இருந்தவர் உட்பட ஐந்து பேர் அந்தக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். கீத்துக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. உத்தரவு மாறவில்லை.

டெட்ராய்ட் எடிசன் மின்நிறுவனத்தின் வழக்கில் 1973-இல் அவர் தீர்ப்பளித்தார். வேலையிலும் பதவி உயர்விலும் கறுப்பினத்தவரை ஒதுக்கியதற்காக 40 லட்சம் டாலர் தண்டத் தொகை விதித்தார். துணைநின்ற தொழிற்சங்கத்துக்கும் தனியாக அபராதம். மேல்முறையீட்டில் அந்தத் தண்டத் தொகை நிற்கவில்லை. சட்டம் அவ்வளவு தூரம் அதிகாரம் தரவில்லை என்றார்கள் மேலிருந்தவர்கள். கீத்தைக் குறைசொல்பவர்கள் இந்த வழக்கைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். ஒதுக்கப்பட்டவரின் வலி தெரிந்தவர், அதனாலேயே அளவு மீறிவிட்டார் என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதத்தை நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். நீதிபதி தான் பிறந்த இடத்தையும் பட்ட பாட்டையும் அங்கி அணியும்போது கழற்றிவைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் எல்லா நாடுகளிலும் மரியாதைக்குரியதாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வசதியான குடும்பத்தில் பிறந்து, நல்ல பள்ளியில் படித்து, பெரிய நிறுவனத்தில் வழக்கறிஞராக இருந்தவரிடம், உன் அனுபவத்தை மறந்துவிட்டு வா என்று யாரும் கேட்பதில்லை. அவருடைய அனுபவம் பொது அறிவு என்ற பெயரில் தீர்ப்புக்குள் தானாக நுழைந்துவிடுகிறது. மறக்கச் சொல்வது எப்போதும் அடிபட்டவரிடம் மட்டும்தான். கீத் மறக்கவில்லை. அதற்காகத் தன் இனத்துக்குச் சாதகமாகத் தராசைச் சாய்க்கவும் இல்லை. அதிகாரம் வெளியே நிற்பவரை எப்படிப் பார்க்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. வெளியே நிற்பவர் யாராக இருந்தாலும் அந்த அறிவு அவருக்குப் பயன்பட்டது.

1977-இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் அவரை ஆறாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு உயர்த்தினார். மிச்சிகன், ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி ஆகிய நான்கு மாநிலங்கள் அதன் எல்லை, தலைமையிடம் சின்சினாட்டி. அமெரிக்காவில் இப்படிப் பதின்மூன்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இருக்கின்றன. பெரும்பாலான வழக்குகளை மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரிக்கும். சாட்சி விசாரணை கிடையாது, ஜூரி கிடையாது. எழுத்து வாதங்கள், சில நிமிட வாய்மொழி வாதம், பிறகு தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் ஆண்டுக்கு அறுபது, எழுபது வழக்குகளைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆகவே, ஏறக்குறைய எல்லோருக்கும் இந்த மூவர் சொல்வதே கடைசிச் சொல். பத்திரிகைகளில் இவர்களின் பெயர் வருவதில்லை. தெருவில் நடந்துபோனால் யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் கீத் 41 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார்.

மூவரில் இருவர் ஒரு பக்கம் போய்விட்டால் மூன்றாமவரால் செய்ய முடிவது மாறுபட்ட தீர்ப்பு எழுதுவது மட்டும். 1986-இல் ஒரு பெண் ஊழியரின் வழக்கு வந்தது. எண்ணெய் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த அவர், உடன் வேலைசெய்தவரின் ஆபாசப் பேச்சையும் சுவர்களில் ஒட்டியிருந்த பெண்களின் அரைநிர்வாணப் படங்களையும் எதிர்த்து வழக்குப் போட்டிருந்தார். சில பணியிடங்கள் அப்படித்தான் இருக்கும், அதற்காகப் பாகுபாடு என்று சொல்ல முடியாது என்றது பெரும்பான்மை. கீத் ஒப்பவில்லை. அந்தச் சூழலை ஒரு பெண்ணின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். சகித்துக்கொள்ளப் பழகிவிட்டவர்களின் கண்ணால் பார்த்தால் எந்த அநியாயமும் தென்படாது என்பது அவர் எழுதியதன் உட்பொருள். அன்று அவர் தனி ஆள். ஐந்தாண்டுகள் கழித்து, மேற்குக் கரையின் ஒன்பதாம் சுற்று நீதிமன்றம் அவர் நின்ற பக்கமே வந்தது. மனநலம் குலையும் அளவுக்குப் பாதிப்பு இருந்தால்தான் வழக்கு நிற்கும் என்று ஆறாம் சுற்று பிடித்துவைத்திருந்த நிபந்தனையை 1993-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நீக்கியது. அந்த வழக்கும் ஆறாம் சுற்றின் எல்லைக்குட்பட்ட டென்னசியிலிருந்தே போனது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பத்து நாள் கழித்து, ‘சிறப்புக் கவனம்’ பெற்ற நாடுகடத்தல் வழக்குகளை மூடிய கதவுக்குள் நடத்த வேண்டும் என்று குடியேற்ற நீதிபதிகளுக்கு உத்தரவு போனது. குடும்பத்தாருக்கும் நிருபர்களுக்கும் அனுமதி இல்லை. ஆன் ஆர்பரில் வசித்த லெபனான் நாட்டு முஸ்லிம் மதபோதகர் ரபீ ஹத்தாத், விசா காலம் முடிந்தும் தங்கியதாக டிசம்பரில் கைதானார். அவருடைய விசாரணையும் இப்படியே நடந்தது. பத்திரிகைகள் வழக்குப் போட்டன. 2002 ஆகஸ்டில் தீர்ப்பை எழுதியவர் கீத். மூடிய கதவுகளுக்குப் பின்னால் ஜனநாயகம் இறந்துபோகும் என்று அதில் எழுதினார். ரகசியம் காக்க வேண்டிய தேவை இருந்தால் அரசு ஒவ்வொரு வழக்கிலும் காரணம் காட்டட்டும். மொத்தமாக ஒரு வகை மனிதர்களுக்குக் கதவைச் சாத்த முடியாது என்றார். அப்போது அவருக்கு எண்பது வயது. நாடே அச்சத்தில் இருந்த நேரம். அவருடைய உத்தரவால் விசாரணை அறைக்குள் நுழையும் உரிமை பெற்ற பத்திரிகைகளில் ‘டெட்ராய்ட் நியூஸ்’ஸும் ஒன்று. அவர் ஒருகாலத்தில் தரை துடைத்த அதே பத்திரிகை.

சில வாரங்களில் கிழக்குக் கரையில் மூன்றாம் சுற்று நீதிமன்றம் இதே கேள்விக்கு நேர் எதிராகத் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. ஹத்தாத்தும் 2003-இல் நாடுகடத்தப்பட்டார். கீத்தின் தீர்ப்பு அவரை நாட்டில் இருக்கவைக்கவில்லை. ரகசியமாக யாரையும் அனுப்பிவிட முடியாது என்பதை அது உறுதிசெய்தது. நீதிமன்றத்தால் அவ்வளவுதான் முடியும். அந்த அளவையாவது செய்ய வேண்டும் என்று நினைக்காத நீதிபதிகள் அன்று ஏராளம்.

ஒரு தீர்ப்பு எழுதியதோடு வேலை முடிந்தது என்று அவர் நினைத்ததில்லை. இதற்கு ஹாம்டிராமிக் வழக்கே சான்று. டெட்ராய்ட்டுக்குள் ஒரு தீவாக இருக்கும் அந்தச் சிறு நகரம், நகரச் சீரமைப்பு என்ற பெயரில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளை இடித்துத் தள்ளியது. இது திட்டமிட்ட வெளியேற்றம் என்று 1971-இல் கீத் கண்டறிந்தார். நகரம் இழுத்தடித்தது. வீடு கட்டித்தர 1980-இல்தான் உடன்பாடு ஏற்பட்டது. அதன் பிறகும் பணம் இல்லை, இடம் இல்லை என்று ஆண்டுகள் ஓடின. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போன பிறகும் அவர் அந்தக் கோப்பை விடவில்லை. கடைசி வீடுகள் எழுந்தபோது 2010 வந்துவிட்டது. வழக்குப் போட்டவர்களில் பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சாவி வாங்கினார்கள். இந்தத் தாமதத்தை வெற்றி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனால், யாராவது ஒருவர் நாற்பது ஆண்டுகள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்திராவிட்டால் அந்த வீடுகளும் வந்திருக்காது.

பதவியும் வயதும் அவரை அவமானத்திலிருந்து காக்கவில்லை. அரசியலமைப்பின் இருநூறாவது ஆண்டையொட்டி ஃபெடரல் நீதிமன்றங்கள் அமைத்த குழுவுக்குக் கீத் தலைவர். அந்தப் பணிக்காக வர்ஜினியாவின் வில்லியம்ஸ்பர்க் நகருக்குப் போயிருந்தார். கூட்டத்தின் இடைவேளையில் விடுதி வாசலில் நின்றுகொண்டிருந்தார். காரில் வந்து இறங்கிய வெள்ளைக்காரர் ஒருவர், வண்டியை நிறுத்திவிட்டு வா என்று சாவியை அவரிடம் நீட்டினார். தான் யார் என்பதை நினைவுபடுத்தாமல் ஒருநாளும் கழிவதில்லை என்று இதைப் பற்றிக் கீத் சொல்வார். உள்ளே அரசியலமைப்பைக் கொண்டாடும் கூட்டத்தின் தலைவர், வாசலில் வேலையாளாகத் தெரிகிறார். இப்படி ஒரு நாளைக் கடந்துவந்தவரிடம் போய், அனுபவத்தை மறந்துவிட்டுத் தீர்ப்பு எழுது என்று எந்த முகத்தோடு சொல்வது?

அவர் உதவியாளர்களைத் தேர்ந்தெடுத்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் ஃபெடரல் நீதிபதியிடம் ஓராண்டு சட்ட உதவியாளராக இருப்பது பெரிய பதவிகளுக்கான வாசல். பெண்களுக்கும் கறுப்பின மாணவர்களுக்கும் அந்த வாசலை அகலத் திறந்துவைத்தவர் கீத். அங்கிருந்து போன ஜெனிஃபர் கிரான்ஹோம் மிச்சிகனின் ஆளுநரானார். லானி குனியர், ஹார்வர்டு சட்டப் பள்ளியில் நிரந்தரப் பேராசிரியரான முதல் கறுப்பினப் பெண். எரிக் கிளே 1997-இல் அதே ஆறாம் சுற்று நீதிமன்றத்துக்கு நீதிபதியாக வந்து, தன் ஆசானோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே நீதிமன்றத்தில் பணியாற்றினார்.

1995-இல் கீத் மூத்த நீதிபதி என்ற நிலைக்கு மாறினார். முழுச் சம்பளத்தோடு வேலையைக் குறைத்துக்கொள்ளலாம், விரும்பினால் நிறுத்தியும் விடலாம். அவர் நிறுத்தவில்லை. 2016 செப்டம்பரில், 94 வயதில் எழுதிய மாறுபட்ட தீர்ப்புதான் என் பார்வையில் அவருடைய வாழ்க்கையின் உச்சம். ஒஹாயோ மாநிலம் தபால் வாக்கு உறையிலும் தற்காலிக வாக்குச் சீட்டிலும் முகவரியையும் பிறந்த தேதியையும் பிழையில்லாமல் நிரப்ப வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. சிறு தவறு இருந்தாலும் வாக்கு செல்லாது. வீடற்றவர்களுக்கான அமைப்பு வழக்குத் தொடுத்தது. மாவட்ட நீதிமன்றம் விதிகளை ரத்துசெய்தது. மேல்முறையீட்டில் இருவர் அந்த ரத்தின் பெரும்பகுதியை நீக்கி, விதிகளுக்கு உயிர் கொடுத்தார்கள். கீத் தனித்து நின்றார்.

வாக்குரிமைக்காகவும் சம உரிமைக்காகவும் போராடிக் கொல்லப்பட்டவர்களின் புகைப்படங்களையும் அவர்களைப் பற்றிய சிறு குறிப்புகளையும் பக்கம் பக்கமாகத் தன் தீர்ப்புக்குள் அவர் சேர்த்தார். மேல்முறையீட்டுத் தீர்ப்புகளில் யாரும் அப்படிச் செய்வதில்லை. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படிப் படிக்கவில்லை. ஒரு விதியின் பாரம் என்ன என்று அளக்க, அந்த உரிமை என்ன விலைக்கு வந்தது என்பதும் ஆதாரம்தான். முகவரியில் ஓர் எழுத்துப் பிழை என்று பெரும்பான்மை பார்த்த இடத்தில், அந்த வாக்குச் சீட்டுக்காகச் சுடப்பட்டவர்களை அவர் பார்த்தார். அவர்களில் பலர் அவருடைய சமகாலத்தவர்கள். உச்ச நீதிமன்றம் 2017-இல் அந்த வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. 2019 ஏப்ரல் 28 அன்று, 96 வயதில், பிறந்த ஊரான டெட்ராய்ட்டிலேயே கீத் காலமானார். அப்போதும் அவர் நீதிபதியாகவே இருந்தார்.